நாலு விரற்கடை ஆழத்தில் ஒரு கதை: அறிவியல் கதை எழுதுவோருக்குப் பயனுள்ள குறிப்புகள்

அறிவியல் கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "இந்த விஷயமெல்லாம் உங்களுக்கு எங்கேர்ந்து கிடைக்குது?" என்பதுதான். கொஞ்சம் புத்தகங்களிலிருந்து. மீதியெல்லாம் கைப்பேசியிலிருந்து. குக்கரை ஏற்றிவிட்டு நாலு விசில் வரும்வரை கிடைக்கும் பத்து நிமிடத்தில் பார்த்த ஒரு வரி, ஒரு வரைபடம், ஒரு சின்ன வீடியோ, இவைதான் பின்னால் கதையாகியிருக்கின்றன.

அதே கைப்பேசியில் பதரும் மலைபோலக் குவிந்து கிடக்கிறது. புடைத்து எடுக்கத் தெரிய வேண்டும். பல வருடப் பழக்கத்தில் எனக்குக் கைகொடுத்த முறைகளைக் கீழே தருகிறேன். வீட்டில் அறிவியல் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் இவை உதவும்.

1. செய்திப் பக்கங்களைவிட, வேலை செய்கிறவரைப் பின்தொடருங்கள்.

"விஞ்ஞானிகளின் அதிசயக் கண்டுபிடிப்பு" என்று வரும் பதிவில் கதைக்கு ஆகும் சரக்கு அநேகமாக இருக்காது. அந்த வேலையைச் செய்தவர் தன் பக்கத்தில் வேறு மாதிரி எழுதியிருப்பார். மூன்று இரவு மேகம் மூடியிருந்தது, நாலாம் இரவு கேமரா மக்கர் பண்ணியது, விடியப்போகும் நேரத்தில் திரையில் ஒரு புள்ளி தெரிந்தது என்று. நமக்கு வேண்டியது அந்த விடியற்காலை.

ஆளைக் கண்டுபிடிக்கச் சுலப வழி உண்டு. செய்தியில் ஆய்வுக் கட்டுரையின் பெயரோ சுட்டியோ இருக்கும். அதைத் திறந்து ஆசிரியர் பட்டியலைப் பாருங்கள். உயிரியல் போன்ற பல துறைகளில் முதல் பெயர், ராப்பகலாக உட்கார்ந்து வேலை பார்த்தவருடையது; பெரும்பாலும் மாணவராகவோ இளம் ஆய்வாளராகவோ இருப்பார். கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. முதல் பெயரைத் தேடுங்கள். தலைவர்கள் சுருக்கமாக எழுதுவார்கள். மாணவர்கள் பூச்சிக்கு வைத்த செல்லப் பெயர் வரைக்கும் எழுதுவார்கள்.

2. அதற்கென்று ஒரு தனிக் கணக்கு தொடங்குங்கள். உறவினர், அரசியல், சினிமா எதுவும் அதில் வேண்டாம். முப்பது பேர் போதும். 2022 அக்டோபரில் ட்விட்டர் கைமாறி, பிறகு எக்ஸ் என்று பெயரும் மாறியதில் அங்கிருந்த விஞ்ஞானிகள் நாலா பக்கமும் பிரிந்தார்கள். வானியல்காரர்களும் உயிரியல்காரர்களும் நிறையப் பேர் இப்போது ப்ளூஸ்கையில் இருக்கிறார்கள், சிலர் மாஸ்டடானில். ப்ளூஸ்கையில் 'ஸ்டார்ட்டர் பேக்' என்று ஒரு வசதி உண்டு. எறும்பு ஆய்வாளர்கள், எரிமலை ஆய்வாளர்கள் என்று ஒரு துறையினரை யாராவது மொத்தமாகத் தொகுத்து வைத்திருப்பார்கள். ஒரே தட்டில் அத்தனை பேரும் வந்துவிடுவார்கள். பிறகு ஒரு மாதம் பார்த்து, வேண்டாதவர்களைக் கழித்துக்கொள்ளுங்கள். விண்வெளி நிறுவனங்களின் அதிகாரப்பூர்வப் பக்கங்கள் எக்ஸில்தான் இன்னும் சுறுசுறுப்பாக இருப்பதால் அதையும் மூடிவிட வேண்டாம்.

3. எண்ணைப் பார்த்தால் உடம்பால் அளந்து பாருங்கள்.

இந்தக் குறிப்புக்கு மட்டும் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன். சந்திரயான்-3 நிலவில் இறங்கியது 2023 ஆகஸ்ட் 23. அன்று மாலை நேரலையை யூடியூபில் மட்டும் ஒரே சமயத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். நாலு நாள் கழித்து, ஆகஸ்ட் 27 அன்று, இஸ்ரோ தன் எக்ஸ் பக்கத்தில் ஒரு சின்ன வரைபடத்தைப் போட்டது. லேண்டரில் 'சேஸ்ட்' என்று ஒரு கருவி. பத்து வெப்ப உணரிகள் பொருத்திய ஓர் ஊசி. நிலவின் மண்ணுக்குள் மெதுவாக இறங்கி ஆழத்துக்கு ஆழம் வெப்பநிலையை அளந்தது. தென்துருவப் பகுதியில் அப்படி அளந்தது அதுவே முதல் முறை.

வரைபடத்தில் இருந்தது ஒரே ஒரு வளைகோடு. மேற்பரப்பில் சுமார் 50 டிகிரி செல்சியஸ். 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10 டிகிரி. நிறையப் பேர் கைதட்டிவிட்டு நகர்ந்தார்கள். நான் கையை மேசைமேல் வைத்துப் பார்த்தேன். எட்டு சென்டிமீட்டர் என்பது நாலு விரற்கடை. பூச்செடிக்குக் குழி தோண்டுகிற ஆழம்கூட இல்லை. மேலே சித்திரை மாத மொட்டை மாடித் தரை. நாலு விரற்கடை கீழே ஃப்ரீசர்.

ஏன் அப்படி என்று தேடியபோது காரணமும் அதே அளவு அழகாக இருந்தது. நிலவின் மேல்மண் மாவு போலப் பொலபொலவென்று இருக்கிறது. துகள்களுக்கு நடுவே காற்று இல்லை. அதனால் வெப்பம் கீழே இறங்க வழியில்லை. கம்பளிபோல அந்த மண்ணே தடுத்துவிடுகிறது.

எண் வரும் பதிவு எதைப் பார்த்தாலும் இப்படிச் செய்யுங்கள். விரற்கடை, சாண், முழம், ஒரு மூச்சு, ஒரு படி அரிசி, மதுரையிலிருந்து திண்டுக்கல் தூரம் என்று உங்களுக்குப் பழகிய அளவில் மாற்றி எழுதுங்கள். எண் அப்போதுதான் கதைக்குள் வரும்.

4. சேமிக்கும்போது ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் யார் எழுதியது, எப்போது எழுதியது, எதற்காக எடுத்துவைத்தோம் என்று எதுவும் தெரியாது. ஆழ்கடல் புழுக்களைப் பற்றி ஒருவர் நாற்பது பதிவுகளாக எழுதியதை "அப்புறம் படிக்கலாம்" என்று குறியிட்டு வைத்தேன். திரும்பப் போனபோது அந்தக் கணக்கே இல்லை. அன்றிலிருந்து கீழ்க்கண்டபடி செய்கிறேன்:

சுட்டியை வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பிக்கொள்வேன். முக்கியமானது என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவின் 'வேபேக் மெஷின்' தளத்தில் அந்தச் சுட்டியைக் கொடுத்துப் பக்கத்தைச் சேமித்துவிடுவேன். சமூக ஊடகப் பக்கங்களில் எல்லாவற்றுக்கும் அது வேலை செய்யாது, ஆய்வுக் கட்டுரைக்கும் நிறுவனப் பக்கத்துக்கும் நன்றாகச் செய்யும். பிறகு, தினசரி காலண்டரில் அன்று கிழித்த தாளின் பின்பக்கத்தில் விஷயத்தை என் சொந்த வாக்கியத்தில் இரண்டே வரி எழுதுவேன். முன்பக்கத்தில் தேதி தானாகவே இருக்கிறது. தாள்கள் ஒரு பிஸ்கெட் டின்னில்.

சொந்த வாக்கியம் என்பது அவசியம். நம் வார்த்தையில் எழுத முடியவில்லை என்றால் விஷயம் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

5. என்ன கண்டுபிடித்தார்கள் என்பதற்கு முன்னால் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று படியுங்கள்.

2022-ல் சிலந்திகளின் தூக்கம் பற்றி ஓர் ஆய்வு வந்தது. ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியலா ரோஸ்லரும் அவருடைய குழுவினரும் செய்தது. "சிலந்திகள் கனவு காண்கின்றனவா?" என்ற தலைப்பில் அது உலகம் முழுக்கப் பரவியது. அந்தத் தலைப்போடு நின்றிருந்தால் நமக்குக் கிடைப்பது ஒரு கேள்விக்குறிதான்.

செய்தவிதத்தைப் பாருங்கள். அவர் பிடித்து வைத்திருந்தவை தாவும் சிலந்திகள், நம் வீட்டு ஜன்னல் கம்பியில் குதித்துக் குதித்துப் போகுமே அந்த வகை. ராத்திரியில் பெட்டிகளைப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஒற்றை நூலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கால்கள் சுருண்டிருக்கும், நடுநடுவே துடிக்கும். தாவும் சிலந்தியின் பெரிய கண்கள் வெளியே அசையாது. உள்ளே விழித்திரை இருக்கும் குழாய்தான் நகரும். வளர்ந்த சிலந்தியில் அது தெரியாது. முட்டையிலிருந்து வந்து சில நாளே ஆன குஞ்சுகளின் உடலோ கண்ணாடி மாதிரி. உள்ளே இருப்பது தெரியும். இரவில் படம்பிடிக்கும் கேமராவை வைத்து அவற்றைப் பார்த்தார்கள். சீரான இடைவெளியில் அந்தக் குழாய்கள் அசைந்தன, கூடவே கால்களும் துடித்தன. மனிதருக்குக் கனவு வரும் தூக்கத்தில் மூடிய இமைக்குள் விழி அசைகிறதே, அதைப்போல. கனவா என்பதை அவர்கள் முடிவாகச் சொல்லவில்லை.

தொங்கும் ஒற்றை நூல், கண்ணாடி உடல், உள்ளே அசையும் குழாய். மூன்றும் மூன்று காட்சிகள். தலைப்பில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

6. கேட்டதை வீட்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். மேலே சொன்ன சிலந்தி விஷயத்தை அடுப்படியில் அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏண்டி, அப்ப ஒட்டடை அடிக்கிறப்போ அது தூங்கிக்கிட்டு இருந்திருக்குமா?" என்றார். அந்த வாரமே ஒரு கதை எழுதினேன். முதல் வரி அம்மாவின் கேள்விதான்.

துறைச் சொல் தெரியாத ஒருவர் கேட்கும் முதல் கேள்வியை அப்படியே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வாசகருக்கும் அதே கேள்விதான் வரப்போகிறது.

7. படத்தைக் கண்டதும் நம்பிவிட வேண்டாம்.

2022 ஜூலை கடைசியில் பிரெஞ்சு இயற்பியலாளர் எத்தியேன் க்ளைன் ட்விட்டரில் ஒரு படம் போட்டார். கறுப்புப் பின்னணியில் சிவந்து தகதகக்கும் வட்டம். சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான ப்ராக்சிமா சென்டாரியை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்தது என்று எழுதியிருந்தார். ஆயிரக்கணக்கானோர் வியந்தார்கள். அது சோரிசோ என்ற ஸ்பானியத் தொத்திறைச்சியின் ஒரு வில்லை. விளையாட்டாகச் செய்ததாகச் சொல்லி, பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பேர்பெற்ற விஞ்ஞானி போட்டால்கூட மூலத்தைப் பார்க்க வேண்டும் என்பதை அவரே காட்டிக்கொடுத்தது போலாயிற்று. கூகுள் லென்ஸில் படத்தைக் கொடுத்துத் தேட அரை நிமிடம் ஆகும். செயற்கை நுண்ணறிவில் செய்த படங்கள் நிறைந்துவிட்ட இன்று அந்த அரை நிமிடத்தைக் கட்டாயம் செலவிடுங்கள். படத்தை வெளியிட்ட நிறுவனத்தின் பக்கம் வரைக்கும் போய்ப் பார்க்க முடியாத எதையும் நான் கதைக்கு எடுத்துக்கொள்வதில்லை.

உண்மையான படத்திலும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நமக்குக் காட்டுவதற்காக எதை மாற்றியிருக்கிறார்கள்? வெப் தொலைநோக்கி பார்ப்பது முக்கியமாக அகச்சிவப்பு ஒளியை; நம் கண்ணுக்கு அது தெரியாது. வண்ணங்கள் பிறகு ஒதுக்கப்பட்டவை. 2022 ஆகஸ்டில் பெர்சியஸ் விண்மீன் திரள் கூட்டத்தின் கருந்துளை எழுப்பும் ஒலி என்று நாசா பகிர்ந்த பதிவு பரவியதே, அந்த ஒலியும் அப்படித்தான். அங்கே திரள்களுக்கு நடுவே பரவிக்கிடக்கும் வாயுவில் உண்மையிலேயே அழுத்த அலைகள் இருக்கின்றன, 2003-லேயே கண்டுபிடித்தார்கள். ஆனால் நம் காதுக்கு எட்டுவதற்காக 57, 58 ஸ்தாயி மேலே ஏற்றியிருந்தார்கள். வீட்டு ஆர்மோனியத்தில் மூன்று ஸ்தாயி இருக்கும். அந்த ஒலி எவ்வளவு கீழே இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பதிவில் கேட்ட ஓசையைவிட இந்தத் தூரம்தான் என்னை உலுக்கியது.

8. படத்தோடு வரும் எழுத்து விளக்கத்தைப் படியுங்கள். பார்வையற்றவர்களுக்காகச் சேர்க்கப்படுவது அது. வெப் தொலைநோக்கியின் முதல் முழுவண்ணப் படங்கள் 2022 ஜூலை 12 அன்று வந்தபோது, ஒவ்வொன்றோடும் நுணுக்கமான விளக்கங்கள் இருந்தன. கீழ்ப்பாதியில் என்ன, மேல்பாதியில் என்ன, எந்த ஓரம் மங்கல், எது அலைபோல என்று கண் இல்லாதவரின் மனதில் படத்தை நிறுத்தும்படி எழுதியிருந்தார்கள். வர்ணனை எழுதப் பழக இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

9. வெந்ததா, அரைவேக்காடா என்று பார்த்து வையுங்கள்.

ஆய்விதழில் பிற நிபுணர்கள் சரிபார்ப்பதற்கு முன்பே கட்டுரையைப் பொதுவில் வைப்பதற்குப் பெயர் ப்ரீபிரிண்ட். இயற்பியல், வானியல்காரர்கள் 1991-லிருந்து இயங்கும் ஆர்க்சிவ் என்ற தளத்தில் வைக்கிறார்கள். யாரும் இலவசமாகப் படிக்கலாம். கதை எழுதுபவருக்குப் பொக்கிஷம். ஆனால் அங்கிருப்பது எல்லாம் வெந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

2023 ஜூலையில் தென்கொரிய ஆய்வாளர்கள் சிலர் எல்.கே.-99 என்ற பொருளைப் பற்றி அங்கே எழுதினார்கள். சாதாரண அறை வெப்பத்திலேயே மின்தடை இல்லாமல் கடத்தும் என்றார்கள். உண்மையானால் மின்சாரம், ரயில், மருத்துவக் கருவி எல்லாமே மாறிவிடும். காந்தத்தின் மேல் கறுப்புத் துண்டு ஒன்று ஒரு பக்கம் ஊன்றி, மறுபக்கம் தூக்கி நிற்கும் வீடியோ எங்கே பார்த்தாலும் ஓடியது. உலகெங்கும் ஆய்வகங்கள் அதைச் செய்துபார்க்க இறங்கின. சிலர் உலையில் வைப்பதை நேரலையிலேயே காட்டினார்கள். ஆகஸ்ட் பாதிக்குள் விடை வந்துவிட்டது. மாதிரியில் கலந்திருந்த செப்பு சல்ஃபைடு என்ற கசடு சுமார் 104 டிகிரியில் தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது. மின்தடை சட்டென்று விழுந்தது அதனால்.

அந்தச் சில வாரங்களில் அவசரப்பட்டுக் கதை எழுதியவர்கள் கதையைக் கிழிக்க வேண்டியிருந்திருக்கும். என் டின்னில் மூன்று தடுப்புகள் உண்டு: வெந்தது, வேகிறது, வேகவில்லை. பரபரப்பாக வரும் எதுவும் மூன்று மாதம் இரண்டாவது தடுப்பில் இருக்கும். எல்.கே.-99 தாள் இன்று மூன்றாவதில் இருக்கிறது, ஆனாலும் தூக்கிப்போடவில்லை. இரவு முழுக்க உலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவியும், விடிந்ததும் அவள் காணும் ஒரு கரித்துண்டும் எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது.

10. பதிலுரைகளைப் படிக்காமல் பதிவை மூடாதீர்கள். விஞ்ஞானிகள் ஒருவரோடொருவர் முரண்படும் இடத்தில்தான் விஷயத்தின் முழு உருவம் தெரியும்.

2015-ல் டபேத்தா போயஜியனும் குழுவினரும் ஒரு நட்சத்திரத்தைப் பற்றி எழுதினார்கள். கெப்ளர் தொலைநோக்கித் தரவுகளை இணையத்தில் தன்னார்வமாகப் பார்த்துவந்த பொதுமக்கள்தான் முதலில் அதைச் சுட்டிக்காட்டியவர்கள். வியாழன் அளவுள்ள கோள் நம் சூரியனைக் கடந்தால் ஒளி சுமார் 1 சதவீதம் மங்கும். இந்த நட்சத்திரமோ ஒரு தடவை 22 சதவீதம் மங்கியிருந்தது, அதுவும் ஒழுங்கில்லாமல். வேற்றுலகவாசிகள் கட்டிய பிரம்மாண்ட அமைப்பாக இருக்குமோ என்று ஒரு கருத்து எழுந்ததும் சமூக ஊடகம் பற்றிக்கொண்டது. பொதுமக்களிடம் இணையத்தில் நிதி திரட்டி, தொலைநோக்கி நேரம் வாங்கி, மறுபடி எப்போது மங்கும் என்று காத்திருந்தார்கள். 2017-ல் மங்கியது. பார்த்தால், நீல ஒளி அதிகமாகவும் சிவப்பு ஒளி குறைவாகவும் மங்கியிருந்தது. கெட்டியான சுவர் குறுக்கே வந்தால் எல்லா நிறமும் ஒன்றுபோல மறைய வேண்டும். இது நுண்ணிய தூசி. 2018 ஜனவரியில் அதை வெளியிட்டார்கள்.

"தூசிதானா!" என்று அலுத்துக்கொண்டவர்கள் நிறைய. நான் அந்தக் குழுவோடுதான் நிற்பேன். காசு போட்ட பொதுமக்கள் எத்தனையோ இரவு ஒரே நட்சத்திரத்துக்காகக் காத்திருந்தது கட்டுக்கதை இல்லை, நடந்தது. அதை எழுத இன்னும் ஒருவரும் வரவில்லையே என்றுதான் எனக்கு ஆதங்கம்.

எவ்வளவு காலம் ஆனாலும் தாளைத் தூக்கிப்போடக் கூடாது என்பதற்கு இன்னொன்று: கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியில் பாஸ்பரசுக்குப் பதிலாக ஆர்செனிக்கைப் பயன்படுத்தும் பாக்டீரியா என்று 2010 டிசம்பரில் அறிவித்தார்கள். சில நாட்களிலேயே இணையத்தில் பிற ஆய்வாளர்கள் வெளிப்படையாக மறுத்தார்கள். ஆசிரியர்கள் ஒப்புக்கொள்ளாத நிலையிலேயே, 'சயின்ஸ்' இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது 2025 ஜூலையில்.

11. சந்தேகம் வந்தால் கேட்டுவிடுங்கள். ஆண்டி வீர் 'தி மார்ஷியன்' நாவலை 2009-லிருந்து அத்தியாயம் அத்தியாயமாகத் தன் இணையதளத்தில் போட்டுவந்தார். வாசகர்களில் வேதியியல் தெரிந்தவர்கள் தப்பைச் சுட்டிக்காட்ட, அவர் திருத்தினார். 2011-ல் 99 சென்ட் விலையில் மின்நூலானது; 2015-ல் படமே வந்தது. அதில் வரும் புழுதிப் புயல் மட்டும் நடக்க முடியாதது. செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் சுமார் 1 சதவீதம். ஆளைத் தூக்கி எறியும் பலம் அந்தக் காற்றுக்குக் கிடையாது. கதைக்காகத் தெரிந்தே வைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். தெரியாமல் செய்யும் தவறை வாசகர் மன்னிக்க மாட்டார். தெரிந்து செய்கிற ஒன்றைப் பொறுத்துக்கொள்வார்.

கேட்கும் விதம் முக்கியம். "எனக்கு ஒரு கதைக்கரு கொடுங்கள்" என்று கேட்டால் பதில் வராது. நான் இப்படி எழுதுவேன்:

"வணக்கம் டாக்டர். நான் தமிழில் அறிவியல் கதைகள் எழுதுகிறேன். தாவும் சிலந்தி பற்றிய உங்கள் கட்டுரையை முழுவதும் படித்தேன். தொங்கிக்கொண்டிருக்கும் சிலந்தியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் விழித்துவிடுமா? ஒரு காட்சிக்காகக் கேட்கிறேன். நேரமிருந்தால் ஒரு வரி போதும்."

வெளிநாட்டவர் என்றால் இதையே ஆங்கிலத்தில். படித்துவிட்டோம் என்பது தெரிய வேண்டும். ஒரே கேள்வியாக இருக்க வேண்டும். ஒரு வரியில் பதில் சொல்லும்படி இருக்க வேண்டும். ஒரு வாரம் பாருங்கள். பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், திரும்பத் திரும்ப அனுப்பக் கூடாது. தனிச் செய்தியில் அவர்கள் சொன்ன, இன்னும் வெளியாகாத விஷயத்தை அனுமதி இல்லாமல் எழுதவே கூடாது. அது அவருடைய பல வருட உழைப்பு. கதை வெளியானதும் ஒரு பிரதியும் நன்றியும் அனுப்புங்கள்.

12. அண்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் மலையடிவாரத்தையும் பாருங்கள். 2023 ஜூனில் மேற்குத் தொடர்ச்சி மலையில், கர்நாடகத்தின் கார்கலா பக்கம், இயற்கை ஆர்வலர்கள் சிலர் குட்டையோரம் தவளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டைவிரல் அளவுத் தவளை ஒன்றின் விலாவில் ஒரு சின்னக் காளான் முளைத்திருந்தது. தவளை உயிரோடு, சாதாரணமாகக் குச்சியில் உட்கார்ந்திருந்தது. படத்தை இணையத்தில் போட்டதும் காளான் தெரிந்தவர்கள் 'பானெட்' வகை என்று அடையாளம் சொன்னார்கள். அழுகும் மரத்தில் வளரும் வகை அது. 2024 ஜனவரியில் குறிப்பாக வெளியானது. உயிருள்ள தவளையின்மேல் காளான் வளர்ந்ததாக அதற்கு முன் யாரும் பதிவு செய்ததில்லை.

தவளையை அவர்கள் பிடிக்கவில்லை. அதனால் பிறகு அதற்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் உங்கள் மாவட்டத்தைத் தட்டிப் பாருங்கள். பக்கத்துத் தெருக்காரர் எடுத்த வண்டுகூட அங்கே இருக்கலாம்.

13. சில்லறைக் குறிப்புகள்: "அதிர்ச்சி", "மர்மம்", "நாசாவே மிரண்டது" போன்ற சொற்களை மியூட் செய்துவிடுங்கள். அறிவிப்பு ஒலியை நிறுத்திவிடுங்கள். நாளுக்கு இருபது நிமிடம், அலாரம் வைத்து. மாநாட்டு உரைகள் யூடியூபில் இருந்தால் முழுவதும் பார்க்க நேரமில்லாதபோது கடைசிப் பத்து நிமிடத்தைப் பாருங்கள். கேள்வி நேரம் அதில்தான் வரும்.

14. "ஆராய்ந்து வருகிறோம்" என்று முடியும் பதிவுகளைத் தனியாக எடுத்துவையுங்கள். சந்திரயான்-3-இல் 'இல்சா' என்ற அதிர்வுமானி இருந்தது. ரோவர் நகர்வதையும் மற்றக் கருவிகள் அசைவதையும் அது பதிவு செய்தது. 2023 ஆகஸ்ட் 26 அன்று வேறொரு அதிர்வையும் பதிவு செய்தது. இயற்கையானதாகத் தோன்றுகிறது, மூலம் ஆராயப்படுகிறது என்று அந்த மாதக் கடைசியில் இஸ்ரோ பகிர்ந்தது. அறிவியல் இன்னும் கதவைச் சாத்தாத இடம் அது. கதைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம்.

15. மாதக் கடைசியில் டின்னைக் கவிழ்த்து, சம்பந்தமில்லாத இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

போன தடவை எனக்கு வந்தவை: ஒன்று, சேஸ்ட் கருவியின் வளைகோடு. இன்னொன்று நீர்க்கரடி. அரை மில்லிமீட்டர்கூடத் தேறாத எட்டுக்கால் உயிர். உலர்ந்து சுருண்டு வருடக்கணக்கில் கிடந்து, நீர் பட்டால் எழுந்துகொள்ளும். 2019 ஏப்ரல் 11 அன்று இஸ்ரேலின் பெரஷீட் விண்கலம் நிலவில் மோதி நொறுங்கியபோது அதில் உலர்ந்த நீர்க்கரடிகள் சில ஆயிரம் இருந்தன. நிலவில் அவை உயிரோடு இருக்கின்றன என்று வாட்ஸ்அப் வரைக்கும் வந்தது.

இரண்டு தாளையும் சேர்த்ததும் கதை தயார் என்றே நினைத்தேன். மேலே கொதிக்கும் மண், நாலு விரற்கடை கீழே குளிர், அங்கே தூங்கும் நீர்க்கரடி. சரிபார்த்தபோது கதை உடைந்தது. 2021-ல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் உறைந்த நீர்க்கரடிகளைத் துப்பாக்கியில் வைத்து மணலில் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். வினாடிக்கு சுமார் 900 மீட்டர் வேகம் வரை பிழைத்தன. அதற்கு மேல் சிதைந்துபோயின. பெரஷீட் மோதியபோது எழுந்த அழுத்தம் அந்த எல்லையைத் தாண்டியிருக்கும் என்பதால் அவை பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்பது அவர்கள் முடிவு. விண்கலம் விழுந்ததும் தென்துருவத்தில் இல்லை. வடபாதியில் உள்ள ஒரு சமவெளியில்.

அந்தத் துப்பாக்கிச் செய்தியை மூன்றாவது தாளாக எழுதி நடுவில் வைத்தேன். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதையில், பல வருடம் கழித்து ஒரு பெண் அந்த இடத்துக்குப் போகிறாள். உயிரைத் தேடி இல்லை. அவை இறந்துவிட்டன என்று அவளுக்குத் தெரியும். உடைந்த உலோகத் துண்டின் அருகில் மண்டியிட்டு, கையுறை போட்ட நாலு விரலையும் சேர்த்து மண்ணுக்குள் இறக்குகிறாள். முதல் விரற்கடையில் எண் ஐம்பது காட்டுகிறது. இரண்டாவதில் குறையத் தொடங்குகிறது.